கரியா, வறுவலா? காப்பிக் கொட்டையும் ஒரு ஃபத்வாவின் வரலாறும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற நம் சமுதாயத்தவர், முதன்முதலாக ஓர் அரபு வீட்டில் விருந்தினராக அமரும்போது திகைக்கும் பொருள் ஒன்று உண்டு. நீண்ட மூக்குடைய தல்லாவிலிருந்து கைப்பிடியற்ற சிறு கிண்ணத்தில் ஊற்றித் தரப்படும் கஹ்வாதான் அது. வைக்கோலைப் போன்ற மஞ்சள் நிறம். பால் இல்லை, சர்க்கரை இல்லை, ஏலக்காய் மணமே மேலோங்கி நிற்கும். கும்பகோணத்து டிகாஷனில் பழகிய நாவுக்கு அது காப்பியாகவே தோன்றுவதில்லை. கொட்டையை வறுக்காமலேயே கொதிக்க வைத்துவிட்டார்கள் என்று ஊர் திரும்பியதும் சொல்லிச் சிரிப்போரும் உளர். அதே அரபியர் நம் வீட்டுக் காப்பித் தூளைப் பார்த்தால், இதை ஏன் இப்படிக் கருக்கினீர்கள் என்று கேட்கக்கூடும்.

இரண்டும் ஒரே வகைச் செடியின் விதைதான். நெருப்பின் மேல் எவ்வளவு நேரம் இருந்தது என்பதே முதன்மையான வேறுபாடு. இளம் வறுவல், நடுத்தர வறுவல், கரு வறுவல் என்று இன்று கடைகளில் எழுதி வைத்திருப்பதைக் கண்டு, இது நாவின் விருப்பம் சார்ந்த செய்தி என்றே நாம் கருதுகிறோம். ஆனால் ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்கு முன்னர், காப்பிக் கொட்டை எந்த அளவுக்கு வறுபடுகிறது என்பது ஹலால், ஹராம் பற்றிய கேள்வியாக இருந்தது. உஸ்மானியத் தலைநகரில் முஃப்திகள் அதைப் பற்றி ஃபத்வா வழங்கினார்கள். பின்னர் அதே அளவுகோலை வைத்தே தீர்ப்பு மாறியது. ஃபிக்ஹு ஓதும் மாணவருக்கும், கடையில் எந்தத் தூளை வாங்குவது என்று தயங்கும் குடும்பத்தார்க்கும் ஒருங்கே பயன்படும் வரலாறு அது.

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. எனினும், அதை ஒரு பானமாக அருந்திய வழக்கத்தின் தெளிவான வரலாறு யமன் நாட்டில், 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸூஃபியாக்களிடமிருந்து தொடங்குகிறது. இதற்கு நமக்குக் கிடைக்கும் தலையாய சான்று, ஹன்பலி மத்ஹபைச் சேர்ந்த அப்துல் காதிர் அல்ஜஸீரி (ரஹ்) அவர்கள் 1558ஐ ஒட்டி எழுதிய 'உம்ததுஸ் ஸஃப்வா ஃபீ ஹில்லில் கஹ்வா' என்னும் நூல். கஹ்வா ஆகுமானது என்று நிறுவவே அது எழுதப்பட்டது என்பது பெயரிலேயே விளங்கும். ஏடன் நகரத்து அறிஞர் ஜமாலுத்தீன் தப்ஹானீ (ரஹ்) அவர்கள், செங்கடலுக்கு அப்பாலுள்ள ஆஃப்ரிக்கக் கரையில் இதனை அறிந்துகொண்டார்கள். ஊர் திரும்பி உடல்நலம் குன்றியிருந்த வேளையில் அருந்தினார்கள். சோர்வையும் உறக்கத்தையும் அது அகற்றக் கண்டு தம் தோழர்களுக்கும் பழக்கினார்கள் என்று அந்நூல் கூறுகிறது. மோக்கா துறைமுகத்தில் அடங்கியுள்ள அலீ இப்னு உமர் ஷாதுலீ (ரஹ்) அவர்களையே முதல்வராகக் கொள்ளும் மரபும் யமனில் உண்டு.

யமனிலிருந்து கல்வி கற்க வந்தோர் கெய்ரோவின் அல்அஸ்ஹர் பகுதியில் திங்கள், வெள்ளி இரவுகளில் திக்ரு மஜ்லிஸ் நடத்தியபோது கஹ்வா அருந்திய காட்சியை அல்ஜஸீரி எடுத்துரைக்கிறார். சிவந்த பெரிய மண்பாண்டத்தில் கஹ்வா இருக்கும். மஜ்லிஸின் தலைவர் சிறு அகப்பையால் மொண்டு, வலப்புறத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்காகக் கொடுப்பார். திக்ரு இடையறாது தொடரும். காப்பியின் முதற்பயன் இரவு வணக்கத்தில் விழித்திருப்பதற்கான துணை என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. இன்று அது பெரும்பாலும் தேர்வுக் காலத்துத் துணையாகிவிட்டது.

அந்த நாளில் கஹ்வா என்ற பெயரில் இரண்டு பானங்கள் இருந்தன. காப்பிப் பழத்தின் உலர்ந்த தோலைக் கொதிக்க வைத்து இறக்கியது கிஷ்ரிய்யா. உள்ளேயுள்ள கொட்டையை வறுத்துப் பொடித்துக் காய்ச்சியது புன்னிய்யா. யமனில் இன்றும் கிஷ்ர் உண்டு. இஞ்சி சேர்த்து அருந்துவார்கள். பார்வைக்கும் சுவைக்கும் அது நம் சுக்கு நீருக்குத்தான் நெருங்கிய உறவு. தோலுக்குக் கடும் நெருப்பு தேவையில்லை. கொட்டையின் நிலை வேறு. பச்சைக் கொட்டை கல்லைப் போல் கடினமானது, புல்லின் வாடை உடையது; நெருப்பில் வறுபட்டால் ஒழிய நாம் அறிந்த மணமும் சுவையும் அதில் பிறப்பதில்லை. காப்பி யமனைத் தாண்டி வடக்கே செல்லச் செல்லக் கொட்டையே முதன்மை பெற்றது. அதனுடன் வறுவல் பற்றிய கேள்வியும் சென்றது.

முதற் பூசல் மக்காவில் எழுந்தது. 1511ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 917 ரபீஉல் அவ்வலில், மம்லூக் அரசின் அதிகாரியாக அங்கிருந்த காயிர் பேக் என்பவர், ஹரம் ஷரீஃபின் அருகே இரவில் கூடிக் கஹ்வா அருந்தியவர்களைக் கண்டு ஐயுற்றார். மறுநாள் அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டினார். கஹ்வா உடலுக்குக் கேடு என்று இரு மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். தடை பிறந்தது, கொட்டைகள் கைப்பற்றப்பட்டுக் கொளுத்தப்பட்டன. கெய்ரோவிலிருந்த சுல்தான் கான்ஸூ அல்கவ்ரியிடமிருந்து வந்த மறுமொழியோ, தீய கூட்டங்களைத் தடுக்கச் சொன்னதே அன்றிப் பானத்தை முற்றாக விலக்கவில்லை. கஹ்வா என்ற சொல் முற்காலத்தில் மதுவுக்கும் வழங்கிய பெயர் என்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். பெயரைக் கேட்டே வெகுண்டவர்கள் அக்காலத்திலும் இருந்தார்கள்.

மக்காவின் வாதம் போதை, உடல்நலம், கூடிப் பேசும் கூட்டம் ஆகியவற்றைச் சுற்றியே நின்றது. வறுவலே வழக்கானது இஸ்தான்பூலில்.

ஹலபைச் சேர்ந்த ஹகம் என்பவரும் டமாஸ்கஸைச் சேர்ந்த ஷம்ஸ் என்பவரும் ஹிஜ்ரி 962இல், அதாவது 1554-55இல், இஸ்தான்பூலின் தஹ்தகலே பகுதியில் காப்பிக் கடைகளைத் திறந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் பெச்செவி இப்ராஹீம் எழுதியுள்ளார். கற்றோர், கவிஞர், பதவியிழந்த காழிகள், வேலையற்றோர் எனப் பலரும் அங்கே கூடினர். பள்ளிவாசல்களில் கூட்டம் குறைகிறது என்று இமாம்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் கூட்டத்தைக் கண்டிப்பது வேறு, கோப்பையில் உள்ள பொருளை ஹராம் என்பது வேறு. பொருளையே விலக்க வேண்டுமானால் அதற்கு ஓர் இல்லத், அதாவது சட்டக் காரணம் வேண்டும். போதை என்று சொல்ல முடியவில்லை. அருந்தியோர் எவரும் தள்ளாடவில்லை. அப்போது கண்டெடுக்கப்பட்ட காரணம்தான் கரி.

நெருப்பில் இட்டுக் கரியாகும் அளவுக்கு எரிந்த பொருளை உண்பது ஆகாது என்று ஃபத்வா வழங்கப்பட்டது. 1656இல் 'மீஸானுல் ஹக்' நூலை எழுதிய காதிப் செலபி இதனைக் குறிப்பிடுகிறார். ஷைகுல் இஸ்லாம் அபுஸ் ஸுஊத் எஃபென்தியின் காலத்தில், காப்பி ஏற்றி வந்த கப்பல்களில் துளையிட்டுச் சரக்கைக் கடலில் மூழ்கடித்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். அபுஸ் ஸுஊத் சாதாரண மனிதர் அல்லர்; 1545 முதல் 1574 வரை அப்பதவியில் வீற்றிருந்த, தஃப்ஸீர் இயற்றிய பேரறிஞர். கரியை உண்ணலாகாது என்ற விதியிலும் பிழை காண்பதற்கில்லை. மண், கரி போன்றவற்றை உண்பது உடலுக்குத் தீங்கு என்னும் அடிப்படையில் நம் ஃபிக்ஹு நூல்களும் பேசுகின்றன. எஞ்சி நின்றது ஒரே கேள்வி. வறுத்த காப்பிக் கொட்டை கரியா?

இந்தக் கேள்விக்குக் கிதாபுகளில் விடை இல்லை. வாணலியின் அருகே நின்று பார்த்தால்தான் விடை கிடைக்கும். மூன்றாம் முராத் சுல்தானின் காலத்திலும் தடைகள் வந்தன. ஆயினும் கொல்லைப்புறக் கதவுகளின் வழியே வணிகம் நடந்தது. பிற்பாடு முஃப்திகளும் வாயிழாளர்களும், அது கரியின் நிலையை எட்டுவதில்லை, ஆகவே அருந்துவது ஆகும் என்று சொல்லத் தொடங்கினார்கள் எனப் பெச்செவி பதிவு செய்துள்ளார். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷைகுல் இஸ்லாமாக இருந்த போஸ்தான்ஸாதா முஹம்மத் எஃபென்தி, காப்பிக்கு எதிரான வாதங்களுக்கு மறுமொழியாகப் பாடல் வடிவிலேயே ஃபத்வா எழுதி அதனை ஆகுமாக்கினார். 1633இல் நான்காம் முராத் காப்பிக் கடைகளை மூடினார். அது அரசியல் அச்சத்தால் விளைந்தது, அங்கே வறுவல் பற்றிய வாதத்துக்கு இடமில்லை.

விதி மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கரி ஆகாது என்பது முன்னும் பின்னும் ஒன்றே. பொருளைப் பற்றிய அறிவு திருந்தியது. அதனால் தீர்ப்பு திருந்தியது. உஸூலுல் ஃபிக்ஹில் 'தஹ்கீகுல் மனாத்' என்று நாம் ஓதுவது இதைத்தான்: சட்டக் காரணம் இந்தக் குறிப்பிட்ட பொருளில் உள்ளதா என்று சரிபார்ப்பது. மாணவர்களுக்கு இதை விளக்க மதுவையும் பேரீச்ச ஊறலையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். காப்பிக் கொட்டையைக் காட்டினால் இன்னும் விரைவில் விளங்கும் என்பது நம் எண்ணம். புதிதாக ஏதேனும் ஓர் உணவுப் பொருள் வந்தவுடன், அது எப்படிச் செய்யப்படுகிறது என்று விசாரிக்காமலேயே ஹராம் என்று கைபேசியில் செய்தி பரப்புவோருக்கும் இந்த வரலாறு உதவும்.

முஃப்திகள் கண்ணாலும் மூக்காலும் அறிந்ததை இன்று வெப்பமானி உறுதி செய்கிறது. பச்சைக் கொட்டையின் எடையில் ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு ஈரம். வாணலியில் இட்டதும் முதலில் அந்த ஈரம் வெளியேறும். பச்சை நிறம் வெளிறி மஞ்சளாகும். புல் வாடை போய் வறுத்த தானியத்தின் மணம் எழும். அதன்பின் புரதமும் சர்க்கரையும் வெப்பத்தால் மாறிப் பழுப்பு நிறம் கொள்ளும். தோசையின் அடிப்புறமும் ரொட்டியின் மேற்புறமும் சிவப்பது போன்ற மாற்றமே அது. கொட்டையின் வெப்பம் 200 பாகை செல்சியஸை நெருங்கும்போது உள்ளே திரண்ட நீராவி அதைப் பிளக்கும்; சோளம் பொரிவது போன்ற ஓசை கேட்கும். இது முதல் வெடிப்பு. ஏறத்தாழ 225 பாகையில் இரண்டாம் வெடிப்பு. இம்முறை ஓசை மெலிதாக, விரைவாக, கடுகு தாளிப்பதைப் போலிருக்கும். அப்போது கொட்டையின் உள்ளிருக்கும் எண்ணெய் மேற்பரப்பில் கசிந்து பளபளக்கும்.

முதல் வெடிப்பை ஒட்டி இறக்கினால் இளம் வறுவல். இரு வெடிப்புகளுக்கும் இடையில் இறக்கினால் நடுத்தர வறுவல். இரண்டாம் வெடிப்பைத் தொட்டோ கடந்தோ இறக்கினால் கரு வறுவல். அதற்கும் மேல் விட்டால் 240, 250 பாகையில் சாம்பல் மணமும் புகையும் மிஞ்சும், தீப்பிடிக்கவும் கூடும். மரம் நல்ல கரியாவதற்கு ஏறத்தாழ 400 பாகை வெப்பம் வேண்டும். ஆகவே, அருந்தத்தக்க எந்தக் காப்பியும், எவ்வளவு கருமையாக இருந்தாலும், கரி அன்று. கருக விட்ட கொட்டையோ எவர் வாயிலும் இறங்காது. அதற்கு ஃபத்வா தேவைப்படாது.

முஸ்லிம் நாடுகள் ஒவ்வொன்றும் இந்த நெடுகிலும் தனக்கென ஓரிடத்தில் வாணலியை இறக்கிக் கொண்டன. யமன் பாதி வழியில், தோலுடன் நின்றது. நஜ்து, ஹிஜாஸ் உள்ளிட்ட சவூதிப் பகுதிகளிலும் வளைகுடாவிலும் கொட்டை மிக இளமையாக வறுபடுகிறது. அதற்கு அங்கே 'ஷக்ரா', பொன்னிறத்தாள் என்று பெயர். வறுக்கும் நீண்ட காம்புடைய இரும்புத் தட்டு 'மிஹ்மாஸ்'. வறுத்தல் என்னும் பொருளுடைய அதே அரபு வேரிலிருந்துதான் துருக்கியரின் 'தஹ்மீஸ்' என்ற சொல்லும் வந்தது. இஸ்தான்பூலில் எகிப்தியச் சந்தையை அடுத்து இன்றும் தஹ்மீஸ் தெரு உண்டு. அங்கே வறுத்து அரைத்த காப்பி விற்கும் குருகாவெஜி மெஹ்மெத் எஃபென்தி கடை 1871 முதல் நடந்து வருகிறது. துருக்கியர் பொதுவாக நடுத்தர வறுவலை மாவைப் போல் அரைத்துக் காய்ச்சுகிறார்கள். பழுப்பு நிறத்துக்கே அவர்கள் மொழியில் 'காப்பி நிறம்' என்று பெயர்; கறுப்பு என்று அவர்கள் அதைச் சொல்லவில்லை. சிரியா, ஜோர்தான் பகுதி பதவீக்களோ கரு வறுவலைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்துக் கசப்பாக அருந்துவர். இவற்றுள் துருக்கிக் காப்பியை 2013இலும், வளைகுடா நாடுகளின் அரபுக் காப்பியை 2015இலும் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் சேர்த்தது.

நம் பகுதிக்கு வருவோம். ஹஜ்ஜு முடித்துத் திரும்பிய பாபா புதன் என்னும் இறைநேசர் யமனிலிருந்து ஏழு கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து, கர்நாடகத்துச் சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது 17ஆம் நூற்றாண்டைச் சுட்டும் செவிவழி மரபு. அம்மலை இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது. அங்கிருந்து குடகு, நீலகிரி, ஏற்காடு, பழனி மலைகள் எனத் தோட்டங்கள் பிற்காலத்தில் பரவின. தமிழகத்தில் நாம் கண்ட முறை பாலோடு அருந்துவது. பால் இளம் வறுவலின் நுண்ணிய புளிப்போடு ஒத்துப்போவதில்லை. கசப்பும் கனமும் உடைய டிகாஷனே பாலை எதிர்த்து நிற்கும். ஆகவே நம் கடைகள் நடுத்தரத்தைக் கடந்து, கருமைக்குச் சற்று முன் வரை கொண்டு செல்கின்றன. அதனுடன் சிக்கரி சேர்கிறது. சிக்கரி காப்பி அன்று. ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது. அதில் காஃபீன் அறவே இல்லை. டிகாஷனுக்குக் கருமையும் திண்மையும் தருவது அதன் தொழில்.

இங்கேதான் நம் குடும்பங்களில் பரவலான ஒரு தவறான எண்ணம் உள்ளது. காப்பி எவ்வளவு கறுப்பாக இருக்கிறதோ அவ்வளவு வீரியம், அவ்வளவு உறக்கம் கெடும் என்று பெரியவர்கள் கருதுகிறார்கள். உண்மை வேறு. காஃபீன் வறுவலின் வெப்பத்தைப் பெரும்பாலும் தாங்கி நிற்கும். ஒரே எடைக்கு இளம் வறுவலுக்கும் கரு வறுவலுக்கும் அதில் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாடு கொட்டையின் இனத்தில் உள்ளது: ரொபஸ்டாவில் அராபிகாவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு காஃபீன். எனவே சிக்கரி மிகுந்த கரிய காப்பி உறக்கத்தைக் குறைவாகக் கெடுக்கவும், வெளிறிய கஹ்வா நள்ளிரவு வரை விழிக்க வைக்கவும் கூடும். வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் தந்த கஹ்வாவை 'வெறும் ஏலக்காய்த் தண்ணீர்தானே' என்று இஷாவுக்குப் பின் நான்கைந்து கிண்ணம் அருந்திவிட்டு, உறக்கம் வராமல் புரண்டவர்கள் நம்மிடம் காரணம் கேட்டதுண்டு. அருந்திய காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே பெரும்பாலோர்க்கு ஐந்து மணி நேரம் அளவில் ஆகும்.

இதற்கும் ஃபிக்ஹில் ஓர் இடம் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால இமாம்களில் தலைசிறந்தவரும், ஹிஜ்ரி 974இல் மக்காவில் மறைந்தவருமான இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) அவர்கள் கஹ்வா பற்றிக் கூறிய முடிவு அழகானது. சாதனத்துக்கு நோக்கத்தின் சட்டமே உண்டு. நற்செயலுக்குத் துணையாக அருந்தினால் அது நற்செயலாகும், ஆகுமான காரியத்துக்கு எனில் ஆகுமானது, விலக்கப்பட்டதற்கு எனில் விலக்கு என்பது அதன் சாரம். நம் மதரஸாக்களில் ஓதப்படும் 'ஃபத்ஹுல் முயீன்' நூலை எழுதிய பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள், இந்த இமாமைத் தம் ஷைகாகக் குறிப்பிடுகிறார்கள் என்பது நம் கடற்கரை ஊர்களுக்கு நெருக்கமான செய்தி. தஹஜ்ஜுதுக்கு எழ உதவும் கோப்பை வேறு. ஃபஜ்ரு தவறும்படி இரவைக் கெடுக்கும் கோப்பை வேறு. வல்லாஹு அஃலம்.

இனி, கடைக்குச் செல்லும்போது எதைக் கேட்பது? வீட்டில் பால் காப்பிதான் என்றால் நடுத்தரத்துக்குச் சற்று மேற்பட்ட வறுவல் போதும். கொட்டையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். செம்பழுப்பாய், மேற்பரப்பில் ஆங்காங்கே மட்டும் எண்ணெய்த் துளி அரும்பியிருந்தால் பதம் சரி. முழுதும் கறுத்து எண்ணெய் வழிந்தால், அது பாலில் கசப்பை மட்டுமே தரும்; விரைவில் சிக்கலும் அடிக்கும். பாலின்றி, சர்க்கரையின்றி அருந்த மருத்துவர் சொல்லியிருந்தால் நடுத்தரமோ அதற்கும் இளையதோ நன்று. அதில்தான் கொட்டையின் சொந்தச் சுவை மிஞ்சியிருக்கும். புளிப்பு வயிற்றுக்கு ஒவ்வாதவர் நடுத்தரத்தை விட்டுக் கீழிறங்க வேண்டாம். இளம் வறுவல் கொட்டை கடினமாகவே இருக்கும். நம் ஃபில்டரில் அதன் சாறு எளிதில் இறங்காது. மேலும் நைசாக அரைத்து, நன்கு கொதித்த நீரை ஊற்ற வேண்டும். இல்லையேல் காய்ச்சுவதே மேல்.

அரபு முறையில் செய்ய விரும்புவோர், முதல் வெடிப்பு தொடங்குவதற்கு முன்னரோ தொடங்கிய உடனோ இறக்கிய கொட்டையைக் கரகரப்பாக இடித்து, பத்து, பதினைந்து நிமிடம் சிறுதீயில் கொதிக்க விட்டு, இறக்கும் தறுவாயில் ஏலக்காய்ப் பொடி சேர்க்கவும். குங்குமப்பூ விருப்பம் போல. பேரீச்சம்பழம் உடன் இருத்தல் வேண்டும். இனிப்பு அதிலிருந்து வருவதற்காகவே கஹ்வாவில் சர்க்கரை இல்லை. ரமழானில் இஃப்தாருக்குப் பின் இது நம் வீடுகளுக்கும் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. கரு வறுவல் கொட்டையின் குறைகளை மறைக்கும். பூஞ்சை பட்டதும், பழையதும், உடைந்ததும் இளம் வறுவலில் தம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். கருக வறுத்தால் எல்லாம் ஒரே கசப்பு. எல்லாக் கரு வறுவலும் ஏமாற்று என்று சொல்லவில்லை. அதைத் திறமையாகச் செய்வோர் உளர். ஆனால் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கை விட்டுப் பார்த்தபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை ஸஹீஹ் முஸ்லிமில் ஓதிய வணிகர், நனைந்ததை மேலே வைத்தல்லவா விற்க வேண்டும்? தூளாக வாங்கினால் வறுவலையும் காண முடியாது, சிக்கரியையும் காண முடியாது; சிக்கரியின் நிறமே வறுவலின் நிறமாகத் தோன்றும். ஒரு குவளைக் குளிர்ந்த நீரின் மேல் சிட்டிகைத் தூளைத் தூவிப் பாருங்கள். காப்பி சிறிது நேரம் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு உடனே கீழே இறங்கும். சிக்கரி சேர்ப்பது குற்றம் அன்று. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்லாமல் சேர்ப்பதே குற்றம்.

வீட்டிலேயே வறுத்துப் பார்க்க விரும்புவோர் நூறு கிராம் பச்சைக் கொட்டையுடன் தொடங்கலாம். வறுபட்டதும் எண்பது, எண்பத்தைந்து கிராம் அளவே மிஞ்சும். இரும்பு வாணலி, நடுத்தரத் தீ, இடைவிடாத கிளறல். சன்னலைத் திறந்து வைக்கவும். மெல்லிய தோல் பறக்கும், புகை எழும். ஓசைக்குக் காது கொடுக்கவும். விரும்பிய பதத்துக்குச் சற்று முன்னரே இறக்கிவிட வேண்டும்; இறக்கிய பின்னும் கொட்டை தன் சூட்டாலேயே கறுத்துக்கொண்டு போகும். அகன்ற தாம்பாளத்தில் பரப்பி உடனே விசிறி ஆற்றவும். வறுத்த அன்றே அரைக்க வேண்டாம். உள்ளே தேங்கிய வாயு வெளியேற ஒரு நாளாவது விட்டு, மறுநாள் அரைத்தால் டிகாஷன் சீராக இறங்கும்.